‘பொறு’ எண்டு தலைப்பு வைச்ச கடிதங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணியிருக்கும். குசினியில மீன் கழுவிக்கொண்டு நிக்கிறன், டெலிபோன் அடிக்குது. நான் முப்பத்திரண்டு வருசம் வேலை செய்த கப்பல் ஏஜென்சியில இருந்து கவிதா எண்டொரு பிள்ளை. ஹெந்தளையில இருந்து வேலைக்கு வாறவவாம். நான் ரிட்டயர் ஆனாப்பிறகு கொம்பியூட்டர் பகுதிக்கு வந்தவ. என்ர நம்பரை ஆரிட்டயோ கேட்டு வாங்கியிருக்கிறா.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ, ஒரு சின்னக் கேள்வி. மிஸ்டர் பொரு எண்டது ஆர்?"

"ஆரெண்டு?"

"பழைய மெயில் சேவரை வாற வெள்ளிக்கிழமை நிப்பாட்டப் போறம். அதில அனுப்பாத மெயில் ஒரு குவியல் கிடக்கு அன்ரி. முக்கால்வாசியில தலைப்பு PORU, PORU எண்டுதான் தொடங்குது. அந்தக் காலத்து கஸ்டமர் ஆரோவாக்கும், உங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிச்சினம்."

மிஸ்டர் பொரு! சிரிப்பு வந்தது. சிரிச்சு முடியமுதலே கொதியும் வந்தது. என்ர வயித்தெரிச்சல் முழுக்க அந்த நாலு எழுத்தில கிடக்கு, இவை அதைக் கஸ்டமர் எண்டினம்.

"அதோட இன்னொண்டு" எண்டா கவிதா. "ஒரு மெயில் உங்கட பேரில இருக்கு. அதுக்கும் தலைப்பு PORUதான். அதை அழிக்கட்டா, அனுப்பட்டா?"

"பொறு பிள்ளை, பொறு" எண்டன். "வெள்ளிக்கு முதல் சொல்லுறன்."

டெலிபோனை வைச்சாப்பிறகுதான் என்ர வாயால என்ன வந்தது எண்டு எனக்கே விளங்கினது. அதால இதை எழுதுறன். அந்தச் சொல்லு ஆற்ரை, எப்பிடி அங்க வந்தது எண்டு எங்கயாவது ஒரு இடத்தில ஒழுங்கா இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேந்தது டெலெக்ஸ் காலத்தில. கோட்டையில, துறைமுகத்துப் பாரந்தூக்கி ஜன்னலுக்குள்ளால தெரியிற ஒரு நாலாம் மாடி ஒஃபிஸ். எங்கட வேலை வெளிநாட்டுக் கப்பல் கொம்பனிகளுக்கு இங்கயிருந்து மாலுமிகளை அனுப்புறது. டெலெக்ஸ் போய் ஃபக்ஸ் வந்தது, ஃபக்ஸ் போய் மெயில் வந்தது. நான் மட்டும் அதே ஜன்னலுக்குப் பக்கத்தில இருந்தன். படிச்சது பழகினது எல்லாம் சொல்லப் போனா விடிஞ்சிடும், அதை விடுவம்.

மற்ற எல்லாரும் மவுசைப் பிடிச்சுக் கிளிக் கிளிக் எண்டு மெயில் அனுப்பேக்க, எனக்கு மட்டும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். கப்பலுக்குப் போற மெயில் செற்றலைற்றால போறது. படம், நிறம், சோடினை ஒண்டும் ஏத்தேலாது, வெறும் எழுத்து மட்டும்தான். அதுக்காக எங்கட சிஸ்டம்ஸ் ஆள் ஒரு பழைய மாதிரி மெயில் புரோகிராம் போட்டுத் தந்தவர். எல்லாம் விசைப்பலகையிலதான். m அடிச்சால் புதுக் கடிதம். எழுதி முடிச்சு y அடிச்சால் போயிடும். P அடிச்சால் அனுப்பாமல் தள்ளி வைக்கும். இளம் பெட்டையள் வந்து எட்டிப் பாத்து, "அன்ரி, இது என்ன பொலிஸ் கொம்பியூட்டரோ" எண்டு பகிடி பண்ணுவினம். பண்ணட்டும். அவையின்ர திரை நாளுக்கு மூண்டுதரம் உறைஞ்சு நிக்கும், என்ர திரை ஒருநாளும் நிண்டதில்லை.

தள்ளி வைச்ச கடிதங்களை வைச்சு மேய்க்கிறதுதான் அந்த வேலையில உண்மையான வேலை. ஒரு நேரத்தில இருவது, முப்பது கிடக்கும். m அடிச்ச உடனே அது கேக்கும், தள்ளி வைச்சதில ஒண்டை எடுக்கட்டோ எண்டு. நாங்கள் ஒண்டும் சொல்லாமல் என்டரைத் தட்டினால் அது ஓம் எண்டு எடுத்துக்கொள்ளும். அவசரத்தில புதுக் கடிதம் எழுதுறன் எண்டு நினைச்சு, பழைய கடிதத்துக்கு மேல எழுதி, ஒரு கப்பலின்ர விசயத்தை இன்னொரு கப்பலுக்கு அனுப்பினவையைக் கண்டிருக்கிறன். அதைவிடக் கோதாரி ஒண்டிருக்கு. தள்ளி வைச்ச ஒண்டை வெளியில எடுத்தால் அது அந்தப் பெட்டியில இருந்து போயிடும். பாத்துப்போட்டு மூடேக்க, திருப்பித் தள்ளி வைக்கட்டோ எண்டு கேக்கும். அதுக்கு n அடிச்சியளோ, கடிதம் போச்சு. குப்பைக்கூடை எண்டு ஒண்டில்லை, தேடவும் ஏலாது.

இன்னொரு சங்கதி. திருப்பித் தள்ளி வைச்ச உடனே அதுக்குப் புதுத் திகதி விழும். திங்கட்கிழமை எழுதின கடிதத்தை வியாழக்கிழமை ஒருக்கா எடுத்துப் பாத்துத் திருப்பி வைச்சால், அது வியாழக்கிழமைக் கடிதம். திங்கள் எழுதினதுக்கு ஒரு அடையாளமும் மிஞ்சாது.

அதால நான் ஒரு வழக்கம் வைச்சிருந்தனான். கடிதத்தின்ர தலைப்பில, முன்னுக்கு ஒரு சொல்லும் திகதியும் போடுவன். அந்தக் கறுப்புத் திரையில தமிழ் எழுத்து வராது, பெட்டி பெட்டியாத்தான் தெரியும். அதால இங்கிலிஷ் எழுத்தில தமிழ். கையெழுத்து வேண்டியதுக்கு KAI. ஏதும் கேட்டுத் தெளிய வேண்டியதுக்கு KEL. மனேஜர் நிப்பாட்டி வைக்கச் சொன்னதுக்கு PORU. காலமை வந்தவுடன ஒரு வரிக் கட்டளை அடிச்சால் தலைப்பு எல்லாம் வரிசையா விழும். அதைப் பாத்தால் எந்தக் கடிதம் ஆற்ர மேசையில நிக்குது, எத்தினை நாளா நிக்குது எண்டு சட்டெண்டு தெரியும். அனுப்பமுதல் s அடிச்சு தலைப்பைத் திருத்தி, என்ர சொல்லை எடுத்துப்போட்டு, பிறகுதான் y. ஒருநாளும் பிழைச்சதில்லை. ஒரே ஒருநாள் பிழைச்சது.

PORU என்ர சொல்லில்லை. அது எங்கட மனேஜர் மிஸ்டர் தேவின்ர சொல்லு.

மிஸ்டர் தேவ் எண்டது தேவராஜன். ஆளும் வெள்ளவத்தைதான், எங்கட வீட்டில இருந்து மூண்டு ஒழுங்கை தள்ளி. ஒஃபிஸில மற்றாக்களுக்கு முன்னால இங்கிலிஷ், டிரக்டருக்கு முன்னால இன்னும் கூட இங்கிலிஷ். கதவைச் சாத்தினால் என்னோட தமிழ். கடிதத்தைக் கொண்டுபோய் வைச்சால் கண்ணாடியைக் கழட்டுவார், சேட்டு நுனியால துடைப்பார், திருப்பிப் போட்டு மேலயிருந்து கீழ ஒருக்கா, கீழயிருந்து மேல ஒருக்கா வாசிப்பார். ஒரு கமாவை மாத்துவார். பிறகு கதிரையில சாய்ஞ்சு, "பொறு பத்மா. பொறு. நாளைக்குப் பாப்பம்" எண்டுவார். அவர் ஒரு கடிதத்துக்கும் இல்லை எண்டு சொன்னதில்லை. ஓம் எண்டும் சொன்னதில்லை. நாளைக்கு எண்டால் எந்த நாளைக்கு எண்டு கேக்க எங்களுக்கு வாயில்லை. அரைவாசிக் கடிதம் அப்பிடியே கிடந்து தேவையில்லாமல் போயிடும். அதைத் தன்ர கெட்டித்தனம் எண்டு அவர் நினைச்சவர். "பாத்தியே, அனுப்பாமலே முடிஞ்சுது" எண்டு எனக்குக் கண்ணடிப்பார்.

எல்லாம் அப்பிடி முடியேல்லை.

ஜெரோம் எண்டு ஒரு குக். கொட்டாஞ்சேனை ஆள், நாங்கள்தான் கப்பலுக்கு அனுப்பினது. சலரோகம், சீனி வருத்தம், இருந்தது, குளிசையோட சமாளிச்சுக்கொண்டிருந்தவர். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்டுக்கு வெளியில, இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிக்கேக்க, கொதிச்ச எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு காலில ஊத்தினது. காயம் பழுத்து வாற மாதிரி இருக்கு, ஆளைக் கரைக்கு இறக்கி ஆஸ்பத்திரியில காட்ட வேணும் எண்டு கப்டன் எங்களுக்கு எழுதினார். இறக்கிறதெண்டால் கப்பல் முதலாளி கொம்பனி ஓம் எண்டு சொல்ல வேணும், அதை எழுதிக் கேக்க வேண்டியது நாங்கள். அவையின்ர ஒழுங்கு அப்பிடி.

அரை மணித்தியாலத்தில நான் கடிதத்தை எழுதிப்போட்டன். பதினொராம் திகதி. பிரிண்ட் எடுத்துக்கொண்டு மிஸ்டர் தேவின்ர அறைக்கு ஓடினன். கண்ணாடி, சேட்டு நுனி, மேலயிருந்து கீழ, கீழயிருந்து மேல. பிறகு, "பொறு பத்மா."

"சேர், காயம் சேர். சலரோகக்காரன்."

"எனக்கு விளங்குது. இந்தக் கிழமை அவை எங்களோட அடுத்த வருச ஒப்பந்தம் கையெழுத்து வைக்கிற கிழமை. இப்பப்போய் எங்கட ஆளை இறக்கு, கப்பலைப் பிந்த வை எண்டு எழுதினால் நல்லா இருக்குமே? ரெண்டு நாள் பொறு. காயம் தானா மாறும்."

வந்து இருந்தன். தலைப்பில PORU 11 எண்டு போட்டு, P அடிச்சுத் தள்ளி வைச்சன்.

அண்டைக்கே ஜெரோமின்ர மனிசி பிலோமினாவும், படிச்சுக்கொண்டிருந்த மகள் ஷாமினியும் ஒஃபிஸுக்கு வந்திட்டினம். கப்பலில இருந்து ஆரோ டெலிபோனில சொல்லியிருக்கினம். பிலோமினா என்ர மேசையின்ர விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"மிஸ், மெயில் போட்டாச்சுங்களா?"

மிஸ்டர் தேவ் தன்ர கதவடியில நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஒரு நிமிசம் உள்ளுக்குக் கூப்பிட்டார். "அனுப்பியாச்சு எண்டு சொல்லு. பாவம், அதுகளைப் பயப்படுத்தாதை" எண்டார். எவ்வளவு கருணை பாருங்கோ!

நான் வெளியில வந்து, "போட்டாச்சு அக்கா. பதிலுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்" எண்டன்.

பன்னெண்டாம் திகதி PORU 12. பதின்மூண்டு, PORU 13. ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணிக்கு அந்தத் தாயும் மகளும் கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறி வருவினம். ஒவ்வொரு நாளும் நான் கடிதத்தை வெளியில எடுத்து, மிஸ்டர் தேவிட்டக் கேட்டு, அவர் பொறு எண்டு சொல்ல, தலைப்பில இன்னொரு PORU சேத்துத் திருப்பி வைப்பன். ஒவ்வொரு நாளும் அவையளுக்கு, போட்டாச்சு எண்டுவன். பதினாலாம் திகதி பிலோமினா எனக்கு ஒரு டப்பாவில கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்து தந்தவ. "எங்களுக்காக இவ்வளவு கஷ்டப்படுறீங்க மிஸ்" எண்டா. இண்டைக்கும் நான் கொக்கிஸ் தொடுறதில்லை.

ஒருநாளாவது y அடிச்சிருக்கேலாதோ எண்டு கேப்பியள். விரல் அந்த எழுத்துக்கு மேல நிண்டிருக்கு. அடிக்கேல்லை. பயம். வேற ஒரு நியாயமும் இல்லை, இருந்தால் சொல்ல மாட்டனே?

பதினாறாம் திகதி விடிய கப்டன்ர மெயில். ஆளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவில்லை, பாதம் கறுத்துப் போச்சு. நான் வாசிச்ச உடனே கத்தினன். மிஸ்டர் தேவ் அறைக்குள்ள இருந்து ஓடி வந்தார். நான் வேலை செய்த காலம் முழுக்க அந்த மனிசன் ஓடினதைக் கண்டது அண்டைக்குத்தான். என்ர கதிரைக்குப் பின்னால நிண்டுகொண்டு, "போடு, போடு, உடனே போடு! என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்?" எண்டு குளறுறார். கடிதத்தை எடுத்தன், y அடிச்சன். போயிட்டுது.

தலைப்பைத் திருத்தேல்லை. PORU 11 PORU 12 PORU 13 PORU 14 PORU 15, அதுக்குப் பிறகு குக்கின்ர பேரும் அவசரம் எண்ட சொல்லும். அப்பிடியே போயிட்டுது.

முதலாளி கொம்பனி ஓம் எண்டு பதில் அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமே? நாப்பது நிமிசம். நாப்பதே நாப்பது நிமிசம்! ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லில்லை, ஆளை உடனே இறக்குங்கோ, எல்லாம் நாங்கள் பாக்கிறம் எண்டு மரியாதையா எழுதியிருந்தினம். அண்டு பின்னேரமே இறக்கிச்சினம். ஆஸ்பத்திரியில ஜெரோமின்ர வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டினம்.

பிறகு காப்புறுதிக்காரர் ஏன் இவ்வளவு பிந்தினது எண்டு கேக்க, ஒஃபிஸில விசாரணை வைச்சினம். பெரிய மேசையில டிரக்டர், பக்கத்தில எச்.ஆர். அம்மா, மற்றப் பக்கம் மிஸ்டர் தேவ். நான் எதிரில. டிரக்டர் சிங்கள ஆள், கெட்ட மனிசன் எண்டு சொல்ல மாட்டன், எல்லாத்தையும் வாசிச்சுத்தான் கதைப்பார்.

மிஸ்டர் தேவ் என்ன சொன்னவர் தெரியுமே? தான் பதினொராம் திகதியே அனுப்பச் சொன்னதாம். நான் ஒரே நேரத்தில முப்பது கடிதத்தைத் தள்ளி வைச்சுக் குழப்பியடிச்சு, இதை மறந்து போனனாம். அது காணாதெண்டு, தன்ர கடிதங்களுக்கு மேல நான் அவமரியாதையா எழுதி வைச்சிருக்கிறனாம். முதலாளி கொம்பனியில இருந்து வந்த பதிலின்ர பிரிண்டை மேசையில வைச்சார். அவை பதில் எழுதேக்க என்ர தலைப்பும் அப்பிடியே திரும்பி வந்திட்டுது.

டிரக்டர் அதை எடுத்து வாசிச்சார். நெத்தி சுருங்கினது. தாளை என்ர பக்கம் திருப்பினார்.

"காகெத மே பொரு, மிஸ்?"

இதெல்லாம் ஆற்ர பொய் எண்டு கேக்கிறார். சிங்களத்தில பொய்க்கு BORU எண்டுதான் சொல்லு. தமிழர் வாயில B எல்லாம் P ஆகும் எண்டு அவையளுக்குள்ள ஒரு பழைய பகிடி இருக்கெல்லோ. ஆக, பொய் எண்டு எழுத வெளிக்கிட்ட தமிழ்ப் பொம்பிளை P போட்டு எழுதிப்போட்டாள் எண்டு அந்த மனிசன் நினைச்சிட்டார். அஞ்சுதரம், திகதியோட, மனேஜரின்ர கடிதத்துக்கு மேல பொய், பொய், பொய், பொய், பொய்.

அந்தப் பகிடி எனக்குப் பகிடி இல்லை. வாளிக்குச் சிங்களத்தில என்ன, சொல்லு பாப்பம் எண்டு, தமிழரைப் பிடிக்கக் கலவரக்காரர் றோட்டில மறிச்சுக் கேட்ட காலம் ஒண்டு இருந்தது. அதுவும் B-யில தொடங்கிற சொல்லு. என்ர அப்பா அந்தச் சொல்லைத் தடிப்பாச் சரியாச் சொல்லித்தான் வீட்டுக்கு உயிரோட வந்து சேந்தவர். அப்பிடிப்பட்ட வீட்டில வளந்த எனக்கு B தெரியாதாம்.

நான் எழும்பி நிண்டிட்டன். "சேர், அது சிங்களம் இல்லை. தமிழ். பொறு. வெயிட் எண்டு அர்த்தம். ஒவ்வொரு நாளும் மிஸ்டர் தேவ் எனக்குச் சொன்ன சொல்லு. பக்கத்தில இருக்கிறது சொன்ன திகதி."

டிரக்டர் என்னைப் பாத்தார், தாளைப் பாத்தார். அந்த மனிசனுக்குப் பொறி தட்டினது எனக்குத் தெரிஞ்சது. மிஸ்டர் தேவின்ர பக்கம் திரும்பி, "தேவ், நீர் தமிழ்தானே? இவ சொல்லுற அர்த்தம் சரியோ?" எண்டு இங்கிலிஷில கேட்டார்.

மிஸ்டர் தேவ் கண்ணாடியைக் கழட்டினார். சேட்டு நுனியால துடைச்சார்.

"என்ர தமிழ் அவ்வளவு நல்லா இல்லை, சேர்" எண்டார்.

நாசமறுவான்! வெள்ளவத்தைச் சந்தையில கத்தரிக்காய்க்குத் தமிழில அரை மணித்தியாலம் பேரம் பேசுற மனிசன். கோயில் திருவிழாவில மைக்கைப் பிடிச்சால் கீழ வைக்காத மனிசன். தாய் டெலிபோன் எடுத்தால், "அம்மா, பொறுங்கோ, மீற்றிங்கில நிக்கிறன்" எண்டு என்ர காது கேக்கச் சொல்லுற மனிசன். பொறு எண்டால் என்னெண்டு தெரியாதாம்! கோவத்தில எனக்கு நாக்குப் பிரண்டிட்டுது. எச்.ஆர். அம்மா எனக்குத் தண்ணி ஊத்தித் தந்தா.

தமிழ் தெரிஞ்ச இன்னொராளைக் கூப்பிட்டுக் கேக்க ஒரு நிமிசம் காணும். ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டால் பதில் தெரிஞ்சு போயிடும், பிறகு ஏதும் செய்ய வேண்டி வரும். ஒரு கிழமையால எனக்கு ஒரு கடிதம் வந்தது. மொழி விளக்கக் குறைவால ஏற்பட்ட தாமதமாம். ஒருத்தரிலயும் தனிப்பட்ட குற்றமில்லையாம். இனிமேல் ஒஃபிஸ் மெயிலில இங்கிலிஷ் தவிர்ந்த சொல்லு ஒண்டும் பாவிக்கக் கூடாதாம். எங்கட ஒஃபிஸ் வாசலில போர்ட் மூண்டு பாஷையிலயும்தான் தொங்கினது. அதுக்குக் கீழால நடந்து வந்துதான் நான் ஒவ்வொரு நாளும் வேலை செய்தனான். மிஸ்டர் தேவ் அடுத்த வருசம் ஜெனரல் மனேஜர் ஆனார். ஒப்பந்தம் நல்லபடி கையெழுத்தாச்சுதெல்லோ.

ஜெரோமின்ர வீட்டுக்காரருக்கு என்ன சொன்னது தெரியுமே? நாங்கள் அண்டைக்கே அனுப்பினாங்கள், கப்பல் கொம்பனிதான் பதில் தராமல் இழுத்தது எண்டு. அதுகள் பாவம், நாப்பது நிமிசத்தில ஓம் எண்ட கொம்பனியைத் திட்டிக்கொண்டு திரிஞ்சுதுகள். கடைசியா வந்த அண்டைக்கு ஷாமினி மட்டும் லிப்ற்றடியில என்னை மறிச்சா. ஒரு துண்டில தன்ர ஈமெயில் விலாசத்தை எழுதித் தந்தா.

"மிஸ், அந்த மெயில் என்னைக்குப் போச்சுன்னு மட்டும் எனக்கு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம். தேதி மட்டும் போதும்."

அண்டு பின்னேரம் எல்லாரும் போனாப்பிறகு எழுதினன். ரெண்டே ரெண்டு வரி. கடிதம் போனது பதினாறாம் திகதி காலமை. பதினொண்டில இருந்து பதினைஞ்சு வரைக்கும் போட்டாச்சு எண்டு நான் சொன்னது பொய். கீழ என்ர பேர். வாசிச்சன். மேலயிருந்து கீழ ஒருக்கா, கீழயிருந்து மேல ஒருக்கா. ஒரு கமாவை மாத்தினன். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கிடக்கே எண்டு ஒரு யோசனை ஓடினது. தலைப்பில PORU எண்டு போட்டு, P அடிச்சன்.

ஒருத்தரும் எனக்குப் பொறு எண்டு சொல்லேல்லை. நானே சொன்னனான். அதுக்குத் திகதி போடவும் இல்லை.

ரெண்டு வருசம் ஒவ்வொரு நாள் காலமையும் அந்தத் தலைப்பு வரிசையில விழும். விழ விழ வேற பக்கம் பாத்தன். பிரியாவிடை அண்டைக்கு மிஸ்டர் தேவ் எனக்கு மாலை போட்டு, என்ர பொறுமையைப் பற்றி இங்கிலிஷில புகழ்ந்து பேசினார். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டன். வீட்டை வந்து அந்த மாலையைக் குப்பைக்குள்ள எறிஞ்சன். கடிதம் அங்கயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமையில இருந்து எனக்கு நித்திரை ஒழுங்கா இல்லை. மிஸ்டர் தேவைத் திட்டித் திட்டி ரெண்டு நாள் போனது. திட்டி முடிய அந்த விசாரணை மேசைதான் திரும்பத் திரும்ப வந்தது. காகெத மே பொரு? அந்தச் சிங்கள மனிசன் பிழையா வாசிச்சிட்டார் எண்டு இவ்வளவு காலமும் கொதிச்சுக்கொண்டிருந்தன். அந்த அஞ்சு நாளும் என்ர மேசையடியில நிண்டு போட்டாச்சு எண்டு சொன்னது என்ர வாய். அவர் பிழையா வாசிக்கேல்லை.

வெள்ளி காலமை எட்டு மணிக்கே கவிதாவுக்கு டெலிபோன் எடுத்தன்.

"மற்றதெல்லாத்தையும் அழி பிள்ளை. என்ர பேரில இருக்கிறதை அனுப்பு."

"அந்த விலாசம் இப்பவும் இருக்குமோ தெரியாது அன்ரி."

"நீ அனுப்பு. திரும்பி வந்தால் எனக்குச் சொல்லு. நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஆளை நேர கண்டு சொல்லுறன்."

கீபோர்ட் சத்தம் கேட்டது. பிறகு, "அன்ரி, தலைப்பில PORU எண்டு இருக்கு. அதை எடுத்துப்போட்டு அனுப்பட்டா? அந்தப் பிள்ளைக்கு விளங்காதெல்லோ?"

"எடுக்காதை" எண்டன். "அப்பிடியே போகட்டும். அவ கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தமிழும் சிங்களமும் தெரியும். எந்தப் பாஷையில வாசிச்சாலும் சரியாத்தான் இருக்கும்."